முப்பது வருடம் பாடாமல் இருந்தவரை மறுபடி பாட வைத்தது யார்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 1970இல் ஒரே ஓர் ஆல்பம் போட்டுவிட்டு இசையை விட்டே போய்விட்ட ஆங்கிலேய நாட்டுப்புறப் பாடலாசிரியர் வஷ்டி பன்யன், 2005இல் அமெரிக்காவின் அனிமல் கலெக்டிவ் போன்ற சோதனை இசைக்குழுவோடு சேர்ந்து பாடியது எப்படி? அந்த இளைஞர்கள் அவரைத் தேடிப் பிடித்தார்களா, அவர் இவர்களைத் தேடி வந்தாரா, அவரைப் பயன்படுத்திக்கொண்டார்களா? மேலாகப் பார்த்தால் கேள்வி இவ்வளவுதான். ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "நான் ரொம்ப மதிக்கும் ஒரு மூத்த பாடலாசிரியருக்கு எழுதலாமா, தொந்தரவு என்று நினைப்பாரா?" உங்களுடைய நிஜமான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. வஷ்டியின் கதை அதற்கும் பதில் சொல்வதால் அதை வைத்தே சொல்கிறேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். மூத்த பாடகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்க, அவருடைய ரசிகர்களான இளம் வாசிப்பாளர்கள் வாத்தியத்தைத் தொடவே தயங்கி உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பலமுறை பார்த்தவன். வஷ்டியின் பதிவுகள் எதிலும் நான் கூட இருந்ததில்லை. அங்கே நடந்தது பற்றி நான் சொல்வதில் வெளியில் பதிவாகியிருக்கும் செய்திகளும் உண்டு, என் காது சொல்லும் ஊகமும் உண்டு. எது எது என்று ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம், அவருடைய சார்பில். தன்னை நாட்டுப்புறப் பாடகி என்று அழைப்பது வஷ்டிக்குப் பிடிக்காது. பேட்டிக்குப் பேட்டி மறுத்திருக்கிறார். 1945இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் ஓவியப் பள்ளியில் சேர்ந்து, வரைவதை விட்டுப் பாட்டு எழுதிக்கொண்டிருந்ததால் வெளியேற்றப்பட்டார். பதினெட்டு வயதில் நியூயார்க் போனபோது பாப் டிலனின் இரண்டாவது ஆல்பத்தைக் கேட்டு, இனி இதுதான் வாழ்க்கை என்று முடிவு செய்தார். அவர் ஆசைப்பட்டது வானொலியில் ஒலிக்கும் பாப் பாட்டுக்கு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் அவரைக் கண்டெடுத்து, 1965இல் டெக்கா நிறுவனத்தில் ஒரு சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டு) போட வைத்தார். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சொந்தமாகப் பாட்டு எழுதும் பெண்ணுக்கு அந்தத் தட்டின் முன்பக்கத்தில் கிடைத்தது மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டு. அவர் எழுதியது பின்பக்கத்துக்குப் போயிற்று. "தனியாக இருக்க ஆசை" என்பதுதான் அந்தப் பின்பக்கப் பாட்டின் தலைப்பு என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

அடுத்த இரண்டு வருடங்களில் இன்னும் சில பதிவுகள். ஒன்றும் ஓடவில்லை, சிலது வெளியாகவே இல்லை. 1968இல் தன் காதலர் ராபர்ட் லூயிஸோடு பெஸ் என்ற குதிரை பூட்டிய வண்டியில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை நோக்கிக் கிளம்பினார். பாடகர் டானவன் அங்கே கலைஞர்களுக்கான குடியிருப்பு ஒன்று அமைக்கப் போகிறார் என்று பேச்சு. வண்டி மெல்ல மெல்ல வடக்கே போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. போய்ப் பார்த்தால் டானவன் அங்கே இல்லை. ஆனால் அந்தப் பயணத்தில் வழியெல்லாம் எழுதிய பாட்டுகள் கையில் இருந்தன. நடுவில், 1968 கிறிஸ்துமஸ் சமயத்தில், நண்பர் ஒருவர் மூலம் தயாரிப்பாளர் ஜோ பாய்டைச் சந்தித்திருந்தார். பாடகர் நிக் டிரேக்கையும், ஃபேர்போர்ட் கன்வென்ஷன், இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் என்ற நாட்டுப்புற இசைக்குழுக்களையும் பதிவு செய்தவர். பயணம் முடிந்ததும் ஓர் ஆல்பம் செய்யலாம் என்று சொல்லி வைத்தார் பாய்ட்.

ஆகவே வஷ்டியோடு அவரை மதிக்கும் இசைக்கலைஞர்கள் முதன்முதலில் சேர்ந்தது 2005இல் அல்ல, 1969இன் இறுதியில். லண்டனின் சவுண்ட் டெக்னிக்ஸ் கூடத்தில் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' பதிவானபோது உடன் வாசித்தவர்களின் பெயரைப் பாருங்கள். இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டின் ராபின் வில்லியம்சன், ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் டேவ் ஸ்வார்ப்ரிக், சைமன் நிக்கல். நிக் டிரேக்குக்குத் தந்தி வாத்தியங்களை அமைத்துக்கொடுத்த ராபர்ட் கிர்பி இதில் மூன்று பாட்டுக்கு அமைத்தார். இதைவிடப் பெரிய பட்டியலை அன்றைக்கு யாரும் போட்டிருக்க முடியாது. ஆல்பம் 1970 டிசம்பரில் பிலிப்ஸ் நிறுவனம் மூலம் வந்தது. சில நூறு பிரதிகள் விற்றன. வஷ்டி கிட்டாரை ஓரம் வைத்தார். பிள்ளைகளை வளர்த்தார், பண்ணை வேலை பார்த்தார். தன் பிள்ளைகளுக்குக்கூடப் பாடிக் காட்டவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

அந்தப் பட்டியலையும் அந்த மௌனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 2005 புரியும். விற்கவில்லை என்ற ஏமாற்றம் மட்டும் அல்ல அது. வாத்தியங்கள் சேர்ந்ததில் தன் பாட்டு தான் நினைத்ததைவிட நாட்டுப்புற இசை பக்கம் சாய்ந்துவிட்டது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். வாய்திறந்து சொல்லும் தைரியம் அன்று தனக்கு இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். இதை நான் கூடத்தில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். மெல்லிய குரல்காரர் ஒருவர், சுற்றிலும் பெயர் பெற்ற வாசிப்பாளர்கள். முதல் முறை வாசித்து முடித்ததும் எல்லோரும் "ஆஹா" என்பார்கள். பாட்டுக்குச் சொந்தக்காரரும் தலையாட்டிவிடுவார். வயலின் கொஞ்சம் அதிகமோ என்று அவருக்குத் தோன்றியது வீட்டுக்குப் போன பிறகுதான் வார்த்தையாக வரும். அங்கே கெட்டவர்கள் யாரும் இல்லை. ஸ்வார்ப்ரிக்கின் வயலின் வில் அந்தப் பாட்டுகளில் அழகாகவே இருக்கிறது, எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் எனக்குப் பிடிப்பதும் பாட்டை எழுதியவருக்குப் பிடிப்பதும் வேறு வேறு.

மறுபிறப்புக் கதையை இணையத்தில் ஒரே ராத்திரியில் நடந்ததுபோலச் சொல்கிறார்கள். அப்படி இல்லை, எட்டு வருடம் ஆயிற்று. 1997 வாக்கில் கணினி வாங்கிய வஷ்டி, தன் பெயரைத் தேடிப் பார்த்தார். யாருக்கும் வேண்டாமல் போன தன் தட்டுக்கு ஊர் ஊராக ஆட்கள் அலைவதும், பழைய பிரதிகள் பெரிய விலைக்குக் கைமாறுவதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. உரிமைச் சிக்கல்களைத் தீர்க்கவே சில வருடம் போயிற்று. பால் லாம்டன் என்பவர் ஸ்பின்னி என்ற சிறு லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) மூலம் 2000இல் ஆல்பத்தை மறுபடி வெளியிட்டார். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்லோரும் ரசிகர்களை மட்டும் பேசுகிறார்கள். மாஸ்டர் டேப் (மூல ஒலிநாடா) எங்கே இருக்கிறது, உரிமை யாரிடம் இருக்கிறது என்று வருடக்கணக்கில் கடிதம் எழுதியவர்களைப் பேசுவதில்லை. கேட்க ஒரு குறுந்தட்டு இல்லாமல் போயிருந்தால், அடுத்து வந்த இளைஞர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவரைத் தெரிந்தே இருக்காது.

அதன் பிறகு வந்த அழைப்புகளை வரிசையாகப் பாருங்கள். 2002இல் கிளென் ஜான்சனின் பியானோ மேஜிக் குழு தங்கள் ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டுப் பாடக் கேட்டது. முப்பது வருடத்துக்குப் பிறகு அவர் ஒலிவாங்கி முன் நின்றது அதற்காகத்தான். இன்னொரு பக்கம், அப்போது பெயர் தெரியாத இளைஞராக இருந்த அமெரிக்கப் பாடகர் டெவேந்திரா பான்ஹார்ட் அவருக்கு ஒரு கடிதம் போட்டார். "என்னோடு சேர்ந்து பாடுங்கள்" என்று அதில் கேட்கவில்லை. தான் இந்த வேலையைத் தொடரலாமா என்று ஆலோசனை கேட்டார். தொடரச் சொல்லிப் பதில் வந்தது. அந்தப் பரிச்சயம்தான் வளர்ந்து, 2004இல் பான்ஹார்ட்டின் 'ரிஜாய்சிங் இன் தி ஹேண்ட்ஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் இருவரும் சேர்ந்து பாடுவதில் முடிந்தது. மிகச் சின்னப் பாட்டு. மூத்தவரை மேடைக்கு நடுவில் நிறுத்தி மாலை போடும் ஆர்ப்பாட்டம் எதுவும் அதில் கிடையாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கூடப் பாடுகிற மாதிரி இருக்கும்.

இப்போது அனிமல் கலெக்டிவ். நடுவில் பாலமாக இருந்தவர் ஃபோர் டெட் என்ற பெயரில் இசையமைக்கும் கீரன் ஹெப்டன். இரு தரப்பையும் தெரிந்தவர், அறிமுகம் செய்துவைத்தார். வஷ்டி அப்போது எடின்பரோவில் இருந்தார். குழுவினர் பிரிட்டனில் சுற்றுப்பயணம் வந்திருந்தார்கள். பேசிப் பழகிய பிறகு, தங்களிடம் இருந்த சில பாட்டுகளைப் பாடித் தரக் கேட்டார்கள். சில நாட்களில் பதிவு முடிந்தது. 2005இல் 'பிராஸ்பெக்ட் ஹம்மர்' என்ற பெயரில் நான்கு உருப்படிகள் வந்தன. மூன்றில் வஷ்டியின் குரல், ஒன்றில் வெறும் ஒலிகள் மட்டும். ஆக உங்கள் கேள்விக்கு நேரான பதில்: யாரும் யாரையும் முன்பின் தெரியாமல் தேடிப் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் நம்பிய ஒருவர் நடுவில் இருந்தார்.

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அவர்கள் வஷ்டியிடம் வஷ்டியின் பாட்டைக் கேட்கவில்லை. 1970இன் பாட்டை அதே மாதிரி பாடித் தாருங்கள், நாங்கள் பின்னால் வாசிக்கிறோம் என்று சொல்லியிருந்தால், ரசிகர் என்ற முறையில் அது இயல்பான ஆசைதான். ஆனால் அவருக்கு எந்தக் காயத்திலிருந்து விலகி நிற்க வேண்டியிருந்ததோ அதிலேயே போய்க் கைவைத்த மாதிரி ஆகியிருக்கும். இவர்கள் தங்கள் பாட்டைக் கொடுத்தார்கள். அதில் ஜெயித்தாலும் தோற்றாலும் சுமை அவர் தலையில் இல்லை. வெறும் குரலாகத் திரும்பி வர ஒரு வாசல் கிடைத்தது. பியானோ மேஜிக், பான்ஹார்ட், அனிமல் கலெக்டிவ் மூன்றும் இப்படித்தான் என்பதைக் கவனியுங்கள். மூன்றிலும் அவர் விருந்தாளி. இது அவர்கள் உட்கார்ந்து போட்ட திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் ஊகிப்பது என்னவென்றால், அந்த மூன்று சின்ன வேலைகள் இல்லாமல் நான்காவது பெரிய வேலை, அதாவது அவருடைய சொந்த இரண்டாவது ஆல்பம், நடந்திருக்காது.

ஒலியிலும் ஒரு சங்கதி உண்டு. வஷ்டியின் குரல் மிக மெல்லியது, பாதி மூச்சு. இப்படிப்பட்டவரைப் பதிவு செய்யும்போது ஹெட்ஃபோனில் வாத்தியத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் போதும், அவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார், அந்த மூச்சு செத்துவிடும். சுருதி சரியாக இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஒலிவாங்கியைக் கிட்டத்தில் வைத்து, வாசிப்பவர்களைப் பாதிச் சத்தத்துக்குக் கீழே இறங்கச் சொல்லி, முடிந்தால் ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடச் சொல்ல வேண்டும். 'பிராஸ்பெக்ட் ஹம்மர்' கேளுங்கள். அனிமல் கலெக்டிவ் சாதாரணமாக எவ்வளவு கூச்சல் போடும் குழு என்று உங்களுக்கே தெரியும். இதில் கிட்டார்கள் முணுமுணுக்கின்றன, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று தழுவிக்கொண்டு போகின்றன. அவருக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். என்ன சாதனம் வைத்தார்கள் என்பதெல்லாம் என் பேச்சில் இல்லை, காதில் விழுவதைச் சொல்கிறேன்.

அனிமல் கலெக்டிவின் பதிவுகளை அப்போது பிரிட்டனில் வெளியிட்டது ஃபேட்கேட் லேபிள். அதுவே வஷ்டியைத் தன் சொந்த ஆல்பம் செய்யச் சொன்னது. தயாரிப்பாளராக வந்த மேக்ஸ் ரிக்டரும் அதே லேபிளின் ஆள், அவரும் எடின்பரோவாசி. பெரிய விதி, மாயம் என்றெல்லாம் எழுதுகிறார்களே, அதற்கு அடியில் ஒரே லேபிள், ஒரே ஊர் என்ற சாதாரணக் காரணம் பாதி இருக்கிறது. 2005 அக்டோபரில் 'லுக்ஆஃப்டரிங்' வந்தது. முதல் ஆல்பத்துக்கும் இரண்டாவதுக்கும் முப்பத்தைந்து வருடம். ஜோஆனா நியூசம் ஹார்ப் வாசித்தார், பான்ஹார்ட் வந்தார், ஏடம், கெவின் பார்க்கர், ஓட்டோ ஹவுசர் என்று வஷ்டியின் பிள்ளைகள் வயதுக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பழைய முகமும் உண்டு: 1969இல் தந்தி வாத்தியங்களை அமைத்த அதே ராபர்ட் கிர்பி, இந்த முறை டிரம்பெட்டும் பிரெஞ்சு ஹார்னும் வாசித்தார். அட்டையில் இருக்கும் முயல் அவருடைய மகள் வரைந்தது. பாட்டுகள் பெரும்பாலும் பிள்ளைகளையும் வீட்டையும் பற்றியவை. தலைப்பே பார்த்துப் பார்த்து வளர்ப்பதைக் குறிக்க அவர் வைத்துக்கொண்ட சொல்தான்.

இந்த முறை வாத்தியங்கள் எவ்வளவு, எங்கே என்று தீர்மானிப்பதில் அவர் கை இருந்தது. அடுத்த படி இன்னும் துணிச்சலானது. 2014இல் வந்த 'ஹார்ட்லீப்' ஆல்பத்தைப் பெரும்பாலும் வீட்டில், கணினியில் தானே பதிவு செய்து தானே தயாரித்தார். இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. பியானோவை இரண்டு கையாலும் வாசிக்க வராது என்பதால் ஒவ்வொரு கைக்கான பகுதியையும் தனித்தனியாக வாசித்துச் சேர்த்தார். பான்ஹார்ட், கிட்டார் கலைஞர் கேரத் டிக்சன் முதலான நண்பர்கள் இதிலும் உண்டு, ஆனால் இப்போது விருந்தாளிகள் அவர்கள். இதுவே தன் கடைசி ஆல்பம் என்றும் சொன்னார். 1965இல் ஒரு மேலாளர் பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெண், எழுபது வயதை நெருங்கும்போது ஒவ்வொரு ஸ்வரத்தையும் தானே வைக்கிறார். மொத்தக் கதையில் என்னை அசைத்த இடம் அதுதான்.

இளைஞர்கள் அவரைப் பயன்படுத்திக்கொண்டார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். அவர்களுக்கும் லாபம் இருந்தது, மறைப்பானேன். 2004, 2005இல் பான்ஹார்ட், நியூசம் போன்றவர்களைப் பத்திரிகைகள் விசித்திர நாட்டுப்புறம் என்று ஒரு கூடையில் போட்டபோது, அந்தக் கூடைக்கு ஒரு மூதாய் தேவைப்பட்டார். வஷ்டிக்கு அந்தப் பட்டமும் பிடிக்கவில்லை, நாட்டுப்புறம் என்ற பழைய முத்திரையே புதுப் பெயரில் திரும்பி வந்திருந்தது. ஆனால் குற்றம் சொல்வதானால் அந்தப் பத்திரிகைகளைச் சொல்வேன். கூட வாசித்தவர்கள் அவரை அருங்காட்சியகத்தில் வைக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எதிர்க்கோடி: பாடலாசிரியர் உயிரோடு இல்லாத கூட்டு. அமெரிக்க நாட்டுப்புறப் பாடலாசிரியர் உடி கத்ரி 1967இல் இறந்தார். மெட்டு இல்லாத பாட்டு வரிகள் ஆயிரத்துக்கும் மேல் விட்டுச் சென்றார். அவருக்கு இசைக்குறிப்பு எழுதும் பழக்கம் இல்லாததால் மெட்டுகள் அவரோடேயே போய்விட்டன. மகள் நோரா கத்ரி 1992இல் நியூயார்க்கில் நடந்த நினைவுக் கச்சேரியில் ஆங்கிலேயப் பாடகர் பில்லி பிராக் பாடியதைக் கேட்டு, பின்பு அந்த வரிகளை அவரிடம் கொடுத்தார். பிராக் அமெரிக்கக் குழுவான வில்கோவைக் கூட்டு சேர்த்தார். 1998இல் 'மெர்மெய்ட் அவென்யூ' வந்தது. நோரா செய்த நல்ல காரியம், அப்பாவின் பழைய பாணியை நகலெடுக்காமல் உங்கள் மெட்டில் போடுங்கள் என்று விட்டதுதான். ஆனால் கலவை செய்யும் கட்டத்தில் பிராக்குக்கும் வில்கோவுக்கும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. "இது இப்படி வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவர் அறையில் இல்லாதபோது, ஒவ்வொரு ரசிகரும் தன் மனத்திலிருக்கும் உடி கத்ரிக்காக வாதாடுவார்.

உங்கள் மூத்தவர் உயிரோடு இருக்கிறார். ஆகவே எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அவருடைய புகழ்பெற்ற பாட்டை விட்டுவிட்டு, யாரும் பேசாத ஒன்றை எடுத்து, அதில் எந்த இடம் உங்களை நிறுத்தியது என்று சொல்லுங்கள். கூடவே உங்கள் பாட்டு ஒன்றை வையுங்கள், அதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். சேர்ந்து வேலை செய்யலாம் என்ற பேச்சு முதல் கடிதத்தில் வரக்கூடாது. நீங்கள் இருவரும் அறிந்த ஒருவர் இருந்தால் அவர் மூலம் கொடுத்தனுப்புவது இன்னும் நல்லது. பதில் வரவில்லை என்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பதில் வந்து, ஒருநாள் கூடத்துக்கே வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இன்றைய சுருதி என்ன என்று கேட்ட பிறகே வாத்தியத்தை எடுங்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய தட்டின் சுருதியை வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்து நிற்கும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். வயதான குரல் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறங்கியிருக்கும், அதை எல்லோர் முன்னாலும் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும். தாளக் கணக்குக்குத் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோமை முதல் நாள் அணைத்து வையுங்கள். பணமும் உரிமையும் ஒலிப்பதிவுக்கு முன்பே எழுத்தில் இருக்கட்டும். பதிவு முடிந்து கேட்கும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "எதை எடுத்துவிடலாம்?" என்று கேளுங்கள்.